பாரிஸிற் கற்கும் பாடம்

பிற நாட்டிற் குடியேறிய நாம் அந்நாட்டை அறிவது எங்ஙனம்? பாரிஸ் நகரில் நமக்கு முதலாசிரியர் ரொட்டிக் கடைக்காரரே. ‘பகெத்’ என்னும் நீண்ட ரொட்டியைக் கேட்குமுன் ‘போன்ழூர்’ என வணக்கங் கூறுதல் வேண்டும். கூறாதார் பண்பறியாதார் எனக் கருதப்படுவர்.

விருந்தோ விரைந்துண்பதன்று. முன்னுணவு, பேருணவு, பாற்கட்டி, இனிப்பு என்பன முறையே வரும். உரையாடலும் உடன் வளரும். இவ்விருந்து முறையை யுனெஸ்கோ 2010-இல் மானிட மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

லூமியேர் உடன்பிறந்தார் 1895 டிசம்பர் 28-இல் கட்டணம் பெற்றுத் திரைப்படங் காட்டியதும் இந்நகரிலேயே. இன்று அத்தகைய அரங்கொன்றில் அமர்ந்து, மொழி முற்றும் விளங்காவிடினும், பிறர் நகைக்குமிடத்து நாமும் உளமார நகைப்போமாயின் நம் அயன்மை குறையத் தொடங்கும். தந்நாட்டாரோடு மட்டுமே கூடி வாழ்வார் பத்தாண்டு தங்கினும் வழிப்போக்கரே அன்றோ?