குடலகத்துக் குடிகள்

மாந்தர் உடலினுள் அவர் அறியாமலே குடியிருக்கும் உயிர்கள் மிகப் பல. பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்கள் ஒருவர் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி உள்ளன என 2016ஆம் ஆண்டில் அறிஞர் கணக்கிட்டனர். இவற்றுட் பெரும்பாலன பெருங்குடலில் வாழ்வன. கீரையிலும் தவிட்டிலும் உள்ள நார்ப்பொருளை நம்மாற் செரிக்க இயலாது. அதனை இவை புளிக்கச் செய்து, குடற்சுவருக்கே உணவாகும் அமிலங்களை ஆக்கித் தருகின்றன. குடியிருக்கும் வீட்டைப் பழுது பார்த்துத் தரும் குடிகள் இவை எனலாம்.

குடிகள் நல்லவையாயினும் தத்தம் இடத்திலேயே இருத்தல் வேண்டும். ஏரிநீர் கரைக்குள் நிற்கும்வரை பயிரை வளர்க்கும். கரை உடையின் அந்நீரே ஊரை அழிக்கும். குடலகத்தையும் குருதியையும் பிரித்து நிற்பது ஒற்றை உயிரணு அடுக்காலாகிய மெல்லிய கரையே. அதன் அருகே வெள்ளணுக்கள் இரவும் பகலும் காவல் புரிகின்றன. குருதியில் ஓடும் காவலணுக்களினும் குடலைச் சார்ந்து தங்கியிருப்பன மிகப் பல.

இக்காவலணுக்களுள் சி.டி.4 என்னும் குறியுடையவற்றையே எச்.ஐ.வி. என்னும் நச்சுயிர் தேடிப் பற்றுகின்றது. 1983ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தார் இந்நச்சுயிரைக் கண்டறிந்தனர். அதன்பின் பல்லாண்டுகள் மருத்துவர் குருதியிலுள்ள அணுக்களையே எண்ணி வந்தனர். அவை மெல்ல மெல்லக் குறைவனவாகவே தோன்றின. குடலில் நிகழ்ந்ததோ வேறு. நச்சுயிர் புகுந்த சில வாரங்களிலேயே ஆங்குள்ள சி.டி.4 அணுக்களுட் பெரும்பாலன மடிகின்றன என்பது, 1998இல் குரங்குகளை ஆய்ந்தபோதும், பின்னர் மக்களை ஆய்ந்தபோதும் தெளிவாயிற்று.

1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் முறை பரவிற்று. சாவின் வாயிலில் நின்றோர் பலர் எழுந்து நடந்தனர். மருந்தை நாள்தோறும் தவறாது உண்பவரின் குருதியில் நச்சுயிர் கருவிக்கும் புலப்படாத அளவு குறைந்துவிடும். எனினும் அவருட் சிலருக்குக் காவலணுக்கள் போதிய அளவு பெருகவில்லை. பகை அடங்கிய பின்னும் படை மீளாதது ஏன்?

2006இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை காட்டிற்று. குடலகத்துப் பாக்டீரியாவின் மேலுறைக்குரிய பொருளொன்று நோயாளிகளின் குருதியில் மிகுந்திருந்தது. காவல் அழிந்தமையால் கரை கசிந்துவிட்டது. மருந்துண்டோரிடம் அக்கசிவு குறைந்ததேயன்றி முற்றும் நிற்கவில்லை. ஓயாது கசிவதனால் எஞ்சிய வெள்ளணுக்கள் ஓயாது கிளர்ந்தெழுகின்றன. எழுந்து எழுந்து களைத்து மடிகின்றன. இரவெல்லாம் கூச்சலிட்ட காவலன் விடியலில் திருடனைப் பிடிப்பானோ? இந்நீடித்த அழற்சி நெஞ்சப்பைக்கும் ஊறு செய்வதாகும்.

மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் கரிநிற மாங்கபே என்னும் குரங்கு இதற்கு நேர் மாறானது. அதன் குருதியில் இவ்வினத்து நச்சுயிர் நிறைய உண்டு. அதன் குடலிலும் சி.டி.4 அணுக்கள் குறைகின்றன. ஆயினும் அது பெரும்பாலும் நோயுறுவதில்லை. கரையைப் பேணும் அணுக்கள் அதனிடத்து எஞ்சி நிற்பதால் குடலகத்துப் பொருள் குருதியிற் கசிவதில்லை.

குடிகளைச் சீர்செய்து கரையை வலுப்படுத்தலாமோ என அறிஞர் முயன்று வருகின்றனர். நல்ல பாக்டீரியாக்களை உட்கொள்ளச் செய்த ஆய்வுகள் சிலவற்றில் அழற்சி குறைந்தது. வேறு சிலவற்றில் மாற்றம் இல்லை. இதனைக் கேட்டு, மாத்திரையைக் கைவிட்டுத் தயிரை நம்புதல் பேதைமை. மருந்து நின்றால் நச்சுயிர் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகும். முற்காலத்தில் குருதியில் அணுக்கள் குறிப்பிட்ட அளவுக்குக் குறையும்வரை மருந்து தொடங்காது காத்திருப்பர். 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வழக்கத்தை மாற்றி, தொற்று உறுதியான எவருக்கும் எண்ணிக்கை பாராது மருந்தைத் தொடங்குமாறு அறிவுறுத்தியது.