தத்தெடுக்கப் போகிறீர்களா? தரகர்களிடம் ஏமாறாதீர்கள்!

குழந்தைக்காக ஏங்கும் தம்பதியரின் தவிப்புதான் போலித் தரகர்களுக்கு மூலதனம். 2019-இல் ராசிபுரத்தில் அம்பலமான குழந்தை விற்பனையில், ஆணா பெண்ணா, சிவப்பா கறுப்பா என்று பார்த்து விலை பேசியிருந்தார்கள். அப்படிப்பட்ட வலையில் விழாமலிருக்கச் சில குறிப்புகள்:

1. ஆதரவற்ற குழந்தையைத் தத்தெடுக்க, மத்திய அரசின் 'காரா' ஆணையம் நடத்தும் 'கேரிங்ஸ்' இணையதளத்தில் நீங்களே பதியலாம். விவரம் புரியாவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். ஏஜென்ட் தேவையே இல்லை.

2. பதிவு மூப்புப்படிதான் குழந்தை கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். "ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்பவரை நம்பாதீர்கள்.

3. வாட்ஸ்அப்பில் குழந்தையின் படம் அனுப்பி, "பெற்றோர் இல்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வரும் செய்திகளைப் பகிராதீர்கள். 2021 கொரோனா அலையின்போது இவை ஏராளமாகப் பரவின.

4. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குழந்தையைக் கைமாற்றுவது குற்றம். பெற்றவர்கள் குழந்தைகள் நலக் குழுவிடம்தான் ஒப்படைக்க வேண்டும். மனம் மாறினால் திரும்பப் பெற அவர்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு.

5. நீங்களே பெற்றதாகப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்றால் உடனே விலகுங்கள். கலெக்டரின் தத்து ஆணை கிடைத்தபின், உங்கள் பெயரில் முறைப்படியே சான்றிதழ் பெறலாம்.

6. வெற்றுப் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் அது தத்து ஆகாது.

7. கட்டணம் அரசு நிர்ணயித்தது. அங்கீகாரம் பெற்ற தத்து நிறுவனத்துக்கு மட்டும் செலுத்தி ரசீது வாங்குங்கள். 'அட்வான்ஸ்', 'நன்கொடை' என்று தனிநபர் கணக்குக்குக் கேட்டால் மோசடிதான்.

8. டிரஸ்ட் என்று பெயர்ப்பலகை இருந்தால் போதாது. காராவின் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள்.

9. கேட்பாரற்ற குழந்தையைக் கண்டால் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். 1098-ஐ அழையுங்கள்.

10. பணம் ஆன்லைனில் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-இல் புகார் செய்யுங்கள்.

இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. குறுக்கு வழியில் வந்த குழந்தையை, பாசம் வைத்த பிறகு பறிகொடுக்க நேரிடும். தாமதமானாலும் சட்டப்படியே தத்தெடுங்கள். அந்த உறவை யாராலும் பிரிக்க முடியாது.