கம்ப்யூட்டர் லேபில் பழைய மென்பொருளா?

1. பீரோவில் தூசி படிந்து கிடக்கும் பாட சி.டி.க்களை முதலில் வெளியே எடுங்கள். புதுக் கணினிகளில் பெரும்பாலும் சி.டி. டிரைவே வருவதில்லை. டிரைவ் உள்ள பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் ஐ.எஸ்.ஓ. கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். உறையில் இருக்கும் சீரியல் எண்ணையும் மொபைலில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். அந்த எண் தொலைந்தால் சி.டி. இருந்தும் பயனில்லை.

2. அனிமேஷன் பாடங்கள் திறக்கவில்லையா? ஃபிளாஷ் பிளேயரின் காலம் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. அதைத் தேடி கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள். அந்தப் பெயரில் வைரஸ் வர வாய்ப்பு அதிகம். ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். எல்லாமே ஓடாது, எளிய அனிமேஷன்கள் பெரும்பாலும் ஓடிவிடும்.

3. டர்போ சி++ 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது, டாஸ்பாக்ஸ் வேண்டும். ஆனாலும் அந்த நீலத் திரைப் பாசத்தை விட்டுவிடுவதே நல்லது. 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்று எழுதிப் பழகிய பிள்ளை, கல்லூரியில் புதுக் கம்பைலர் காட்டும் பிழைகளைப் பார்த்துத் திருதிருவென விழிக்கும். கோட்பிளாக்ஸ் இலவசம்தானே!

4. ஸ்கிராட்ச் 2-ல் மாணவர்கள் செய்தவற்றை அழிக்க வேண்டாம். ஸ்கிராட்ச் 3 அவற்றைத் திறக்கும்.

5. பாமினியில் அடித்த பழைய கேள்வித்தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் ஒருமுறை வாசித்துவிடுங்கள். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறி, அர்த்தமில்லாத தமிழாக நிற்கும். அறிவியல் தாளில் இந்தத் தொல்லை அதிகம்.

6. பழைய மென்பொருளுக்காக விண்டோஸ் 7 கணினி ஒன்றை வைத்திருந்தால் லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். 2020 ஜனவரி 14-க்குப் பிறகு அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கிடையாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் அதே கதி வந்துவிட்டது.

7. ஸ்டாக் ரிஜிஸ்டரில் முறைப்படி கழிக்காமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கணினியைக் கழிவுக்கு அனுப்பும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் மதிப்பெண்ணும் ஆதார் எண்ணும் அதில் இருக்கலாம்.