முட்டைக்கு முந்தியது தீனி

அன்புள்ள தம்பிக்கு,

ஏஞ்சல் மீன் ஜோடி சேர்ந்துவிட்டால், முட்டையை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மெத்திலீன் ப்ளூ மருந்து எத்தனை சொட்டு விடுவது, தாய் தகப்பனைப் பிரிக்கலாமா, இரவில் விளக்கு எரியலாமா என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். என் பதில் உனக்கு ஏமாற்றமாக இருக்கலாம். முட்டையை இப்போதைக்கு விட்டுவிடு. குஞ்சு நீந்தத் தொடங்கும் அன்று அதன் வாய்க்கு எட்டுகிற இடத்தில் உயிருள்ள தீனி இருக்குமா என்பதை முதலில் உறுதி செய்துகொள். அந்த ஏற்பாடு இல்லாமல் முட்டையைப் பொரிக்க வைத்தால், பட்டினி கிடந்து சாகப்போகும் உயிர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

தண்ணீர் 27, 28 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஏஞ்சல் முட்டை ஏறத்தாழ 60 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்து வருவது இன்னும் முழு மீன் ஆகவில்லை. தலையில் உள்ள சுரப்பிகளின் பிசின் இழையால் இலையிலோ பலகையிலோ ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். வயிற்றடியில் உள்ள கருவூண் பைதான் அதற்குச் சாப்பாடு. இந்த நிலையில் இன்னும் நாலைந்து நாள் கழிந்த பிறகே அது விடுபட்டு நீந்தும். புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறுவது இந்த நாட்களில்தான். நம்மிடமிருந்து எதுவும் கேட்காமல் நூற்றுக்கணக்கான உயிர்கள் துடிப்பாக இருக்கும்போது, எல்லாம் நன்றாகப் போகிறது என்றே தோன்றும். ஆனால் கருவூண் ஒவ்வொரு மணி நேரமும் கரைந்துகொண்டிருக்கிறது. தண்ணீரின் சூடு ஏறினால் அது இன்னும் வேகமாகக் கரையும். சென்னையின் மே மாதக் கணக்கு, ஹீட்டர் இல்லாத ஜனவரித் தொட்டிக்குப் பொருந்தாது. அதனால் நாள்காட்டியை நம்பாதே, லென்ஸ் வைத்துக் குஞ்சின் வயிற்றைப் பார்.

இந்தக் கட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கடல் மீன்களை ஆராய்ந்தவர்கள் நமக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். நார்வே நாட்டு விஞ்ஞானி யோஹான் யோர்ட், ஹெர்ரிங், காட் மீன்களின் வயதைச் செதிலைக் கொண்டு கணித்து வந்தார். 1904-இல் பிறந்த ஹெர்ரிங் கூட்டமே பின்வந்த பல ஆண்டுகள் வலைகளில் பெரும்பங்காக இருந்தது தெரிந்தது. எல்லா ஆண்டும் முட்டை இடப்படும்போது ஓர் ஆண்டுக் கூட்டம் மட்டும் இப்படிப் பெருகுவானேன்? கருவூண் தீர்ந்து முதல் தீனி தேடும் அந்தச் சில நாட்களில் தீனி கிடைத்ததா இல்லையா என்பதே காரணமாக இருக்கலாம் என்று 1914-இல் அவர் எழுதினார். 1963-இல் பிளாக்ஸ்டரும் ஹெம்பலும் ஹெர்ரிங் குஞ்சுகளை வைத்து இன்னும் கடுமையான ஓர் உண்மையைக் காட்டினார்கள். பட்டினி ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் குஞ்சு உயிரோடுதான் இருக்கும், ஆனால் பக்கத்திலேயே தீனி இருந்தாலும் அதைக் கொத்தித் தின்னும் தெம்பு அதற்கு இருக்காது. கடலின் கதை அத்தனை எளிதல்ல, பகை மீன்களும் நீரோட்டமும் அங்கே குஞ்சுகளை அழிக்கின்றன என்று பின்னால் பலர் யோர்ட்டை மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் உன் தொட்டியில் பகை மீனும் இல்லை, நீரோட்டமும் இல்லை. அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது தீனியும் தண்ணீரின் சுத்தமும்தான், இரண்டும் உன் கையில் இருக்கின்றன. நேற்றுவரை நீந்திய குஞ்சுகள் திடீரென்று செத்துவிட்டன என்று யாராவது சொன்னால், அவற்றில் பல இரண்டு நாள் முன்பே மீள முடியாத எல்லையைக் கடந்திருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்.

ஆகவே ஜோடி முட்டையிடும் முன்பே ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டைகளைப் பொரித்துப் பழகு. லிட்டருக்கு 25 கிராம் அளவில் உப்பு, 28 டிகிரி சூடு, நல்ல வெளிச்சம், அடியிலிருந்து வேகமாகக் காற்று. தலைகீழாக வைத்த பாட்டில் ஒன்று போதும், ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் வெறும் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சத்தின் பக்கம் கூடும். அவற்றை மட்டும் உறிஞ்சி எடு, ஏனென்றால் ஓடு மீன் குஞ்சுக்குச் செரிக்காது. நேரத்தில் கவனமாக இரு. பொரிந்த ஆர்டீமியாவும் தன் கருவூணைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது, சில மணி நேரத்தில் தோலுரித்தபின் அதன் சத்து குறைந்துகொண்டே போகும். நேற்றைய மிச்சத்தை வெளியில் வைத்திருந்து போட்டால், பார்க்கத் தீனி, உள்ளே சத்தில்லை. மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் வை, அங்கே அதன் சத்து மெதுவாகத்தான் கரையும். குஞ்சு தின்றதற்குச் சாட்சி அதன் வயிறுதான். ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருந்தால் தின்றிருக்கிறது. தொட்டியில் தீனி அலைவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதே.

நல்ல பொடித் தீனி கடையில் கிடைக்கிறதே, முட்டை மஞ்சள் கரு கரைத்து ஊற்றுவதில்லையா என்று கேட்பாய். கப்பி போலக் குட்டி போடும் மீன்களுக்கு அது ஓரளவு சரி. அந்தக் குட்டிகள் பிறக்கும்போதே பெரியவை, பொடியையும் தின்னும். ஏஞ்சல் குஞ்சு அப்படியல்ல. அசைவதைக் கண்டால்தான் அது பாய்ந்து கொத்தும், அசையாத பொடியைப் பெரும்பாலும் கவனிக்காது. தின்னப்படாத பொடியும் மஞ்சள் கருவும் அடியில் தங்கி அழுகும். ஃபைட்டர், கௌராமி குஞ்சுகளுக்கோ முதல் சில நாள் ஆர்டீமியாகூடப் பெரிது, அவற்றுக்கு இன்ஃபுசோரியா என்னும் நீர் நுண்ணுயிர்கள் வேண்டும். அதை ஒரு வாரம் முன்பே வளர்த்து வைக்க வேண்டும் என்பதால், தீனிதான் முதலில் என்ற பேச்சு அங்கே இன்னும் உறுதியாகிறது.

முட்டையே பூஞ்சணம் பிடித்துப் போனால் தீனியை யாருக்குப் போடுவது என்பது இதைவிட வலுவான கேள்வி. முட்டைக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருத்தரிக்காத முட்டை வெளுக்கும், பூஞ்சணம் செத்த முட்டையில் பிடித்துப் பக்கத்து உயிர் முட்டைக்கும் பரவும், மெத்திலீன் ப்ளூ அதைத் தடுக்க உதவும். ஆனால் இழப்பு இரண்டையும் எடைபோட்டுப் பார். முட்டை போனால், நன்றாகத் தின்னும் ஆரோக்கியமான ஜோடி பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி இடும். முதல் ஈட்டு முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடுவதும் சாதாரணம், பழகப் பழகப் பல ஜோடிகள் பார்த்துக்கொள்ளும். நீந்தத் தொடங்கிய முந்நூறு குஞ்சுகள் பட்டினியில் போவது அப்படிப்பட்ட இழப்பல்ல. அங்கே உயிர்கள் மெல்ல மெல்ல வாடிச் சாகின்றன, அதற்கு நம் ஆயத்தமின்மை மட்டுமே காரணம்.

தீனிக்கு அடுத்தது எண்ணிக்கை. தீனி கூடினால் கழிவு கூடும், கழிவிலிருந்து அம்மோனியா வரும். 28 டிகிரியில் பிஎச் 7 இருக்கும் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே நஞ்சு வடிவில் இருக்கும், பிஎச் 8-இல் அது ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். உன் ஆழ்குழாய்த் தண்ணீர் காரமானதாக இருந்தால் அதே குஞ்சு, அதே தீனிக்கு ஆபத்து பல மடங்கு. ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சில வாரம் முன்பே பெற்றோர் தொட்டியில் ஓடவிட்டுப் பழக்கு. குஞ்சுத் தொட்டியில் மெத்திலீன் ப்ளூவின் நீலம் போன பிறகே ஃபில்டரை அங்கே மாற்று, இல்லையென்றால் அதில் குடியேறிய நல்ல நுண்ணுயிர்கள் கெடும். எத்தனை குஞ்சுகளுக்குத் தினமும் நாலு வேளை புதுத் தீனியும் அடிக்கழிவு உறிஞ்சலும் உன்னால் முடியும் என்று முன்பே முடிவு செய். ஐம்பதுதான் முடியும் என்றால் மிச்ச முட்டைகளை ஆரம்பத்திலேயே எடுத்துவிடு. பிறகு எடுப்பதைவிட இரக்கமானது அது. வளர்ந்தவற்றில் மிஞ்சியதைக் கடைக்கோ நண்பர்களுக்கோ கொடு. இடமில்லை என்று ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதே. சக்கர் மீன் நம் நீர்நிலைகளுக்கு வந்து சேர்ந்தது தொட்டி மீன் வளர்ப்பின் வழியாகத்தான், மீனவர்கள் இன்று வலையிலிருந்து அதைப் பிரித்தெடுக்கப் பாடுபடுகிறார்கள்.

இந்த வாரம் ஜோடியைத் தனித்தொட்டிக்கு மாற்றவேண்டாம். உப்பும் ஆர்டீமியா டப்பாவும் வாங்கு. மூன்று முறை பொரித்துப் பார்த்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு பொரிகிறது என்று எழுதி வை. அந்தக் கணக்கு உன் கையில் வந்த பிறகு முட்டைக்கான பலகையை உள்ளே வை.

அன்புடன்,
உன் அண்ணன்