பழைய கணினியும் புதிய இடாப்பும்

பாடசாலையொன்றிற் புதிதாகச் சேரவரும் மாணவனிடம் முதலிற் கேட்கப்படுவது விடுகைப் பத்திரம். அடுத்து நிகழ்வது இடாப்பிற் பெயர் பதிதல். எத்துணைக் கூரிய அறிவினனாயினும், பெயர் இடாப்பில் ஏறும்வரை அவன் அப்பாடசாலையின் மாணவன் ஆகான். 1990ஆம் ஆண்டிலே காங்கேசன்துறையை விட்டு இடம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகள் எத்தனை இடாப்புகளில் மாறி மாறிப் பெயர் பதிந்தனர் என்பதைப் பழைய மாணவர்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கணினிகளுக்கும் இவ்விதி உண்டு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

கடல்கடந்து வாழும் அன்பர்கள், அலுவலகங்களிற் கழிக்கப்பட்ட கணினிகளை ஊர்ப் பாடசாலைகளுக்கு அனுப்பி உதவுவது வழக்கம். அவை வந்து வரிசையாக அமர்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தனித் தீவாகவே இருக்கின்றது. மூன்றாம் கணினியிலே தன் ஒப்படையைச் சேமித்த மாணவி, மறுவாரம் அக்கணினியிற் பிறரொருவர் அமர்ந்திருப்பின், பாடவேளை முழுவதும் கைகட்டி நிற்கின்றாள். இக்குறையைத் தீர்ப்பதே வலையமைப்பின் விபரக்கொத்துச் சேவை.

விபரக்கொத்துச் சேவை யாது?

தொலைபேசி விபரக்கொத்து பெயரையும் எண்ணையும் தருவதுபோல, இச்சேவை பயனர், கணினி, அச்சுப்பொறி ஆகியவற்றின் பெயர்களையும் உரிமைகளையும் ஓரிடத்தே வைத்துக் காக்கின்றது. இதற்கான அனைத்துலக நியமம் 1988ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அது பெருஞ்சுமையாயிருந்தமையின், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1993இல் அதற்கு ஓர் இலகுவான அணுகுமுறையை அமைத்தனர். 2000ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் சேவையகத்தோடு ‘அக்ரிவ் டிரக்ரறி’ என்னும் விபரக்கொத்தை வெளியிட்டது. 2012 டிசெம்பரில் வெளிவந்த ‘சம்பா’ மென்பொருளின் நான்காம் பதிப்போ அதே தொழிலை விலையின்றிச் செய்யவல்லதாயிற்று. ஆகவே வறிய பாடசாலையும் இச்சேவையை அமைத்தல் இயலும். அமைத்தபின், மாணவி எக்கணினியில் அமரினும் தன் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையலாம். அவள் கோப்புகளைச் சேவையகத்திலே வைப்போமாயின், அவையும் அவள் பின்னே வரும்.

சேர்க்கைக்கு வேண்டுவன மூன்று

முதலாவது, பெயர். ஒவ்வொரு கணினிக்கும் வேறுபட்ட பெயர் வேண்டும். அது பதினைந்து எழுத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. ஒரு வட்டிலிருந்து பல கணினிகளுக்கு அப்படியே படியெடுப்போர், எல்லாவற்றுக்கும் ஒரே பெயரிட்டு இடர்ப்படுவர்.

இரண்டாவது, வழி. சேவையகத்தின் இருப்பிடத்தைக் கணினி ஆள்களப் பெயர் முறைமையிடம் கேட்டே அறிகின்றது. அக்கேள்வி இணைய நிறுவனத்தாரிடம் செல்லுமாயின், அவர்கள் நம் பாடசாலைச் சேவையகத்தை அறியார். ஆதலின் நம் சேவையகத்தின் முகவரியையே பெயர்ச் சேவைக்குரிய முகவரியாகக் குறித்தல் வேண்டும். சேர்க்கைத் தவறுகளிற் பெரும்பாலன ஈண்டே பிறக்கின்றன.

மூன்றாவது, காலம். விபரக்கொத்தின் வாயிற்காவலனுக்குக் ‘கேர்பரோஸ்’ என்று பெயர். இது பாதாள வாயில் காக்கும் கிரேக்கக் கதை நாயின் பெயராம். கேட்போனின் கடிகாரமும் தன் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபடின், இக்காவலன் வழக்கமாக வாயிலைத் திறவான். பிறர் அனுமதிச் செய்தியைக் களவாகப் பதிந்து பின்னர்ப் பயன்படுத்துவதைத் தடுத்தற்கே இக்கட்டுப்பாடு.

இதனை யான் பட்டே அறிந்தேன். 2012ஆம் ஆண்டளவில், யான் அப்போது கற்பித்த பாடசாலையில், திருத்தம் பெறாத பழைய ‘விண்டோஸ் எக்ஸ்பி’ கணினியொன்றைச் சேர்க்க முயன்றோம். ‘நேர வேறுபாடு உளது’ என்று அது மறுத்தது. திரையின் கடிகாரமோ சுவர்க் கடிகாரத்தோடு ஒத்தே நின்றது. கணினி பொய் கூறுகின்றதென்று கருதி, கம்பியை மாற்றினோம், கடவுச்சொல்லை மாற்றினோம், மூன்று நாட்களை இழந்தோம். நான்காம் நாள் உயர்தர வகுப்பு மாணவியொருத்தி, “சேர், நேர வலயத்தைப் பாருங்கோ” என்றாள்.

காரணம் இதுவே. இலங்கை 1996 மே மாதத்திற் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன் தள்ளியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரைமணி பின்னிழுத்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்கே திரும்பியது. அப்பழைய கணினி இலங்கையை ஆறுமணி வலயத்திலேயே வைத்திருந்தது. நாமோ வலயத்தைத் திருத்தாது முள்ளை மாத்திரம் திருப்பினோம். காவலன் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. அக்கணக்கில் நம் கணினி அரைமணி பிந்தியிருந்தது. பொய் கூறியது கணினியன்று, நம் கண்ணே. எனவே முதலில் வலயத்தையும் பின்னரே மணியையும் திருத்துக. கணினியினுள்ளே காசளவில் இருக்கும் சிறு மின்கலம் தேய்ந்திருப்பின் அதனையும் மாற்றுக. இல்லையேல் மின்சாரம் துண்டிக்கப்படுந்தோறும் நேரம் பிழைக்கும்.

செய்யத்தகாதது

மிகப் பழைய கணினிகள் சேர மறுக்கும்போது, சேவையகத்தின் காவலைத் தளர்த்திவிடுக என்று சிலர் அறிவுரை கூறுவர். இது பெருந்தீங்கு. விண்டோஸ் 95, 98 ஆகியன இயல்பாக அறிந்த பழைய முறை, கடவுச்சொல்லின் எழுத்துக்களையெல்லாம் பெரிய எழுத்தாக்கி, ஏழேழாகப் பிளந்து மறைப்பது. பதினான்கு எழுத்துப் பூட்டு இவ்வாறு இரண்டு சிறு பூட்டுகளாகிவிடுதலின், உடைத்தல் எளிதாயிற்று. எக்ஸ்பி கோப்புப் பரிமாற்றத்துக்கு அறிந்ததோ முதற்பதிப்பு நெறிமுறை மாத்திரமே. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ‘வன்னாகிரை’ என்னும் தீநிரல் புகுந்தது அந்நெறிமுறையை விண்டோஸ் கையாண்ட முறையிலிருந்த ஓட்டையினாலேயே. ஒரு கணினிக்காகக் கதவைத் தாழ்த்தின், அறுநூறு மாணவரின் கடவுச்சொற்களும் கள்வர்க்கு எட்டும். முதியவர் ஒருவர் படியேற மாட்டாராயின் கைகொடுத்து ஏற்றுவோம். வீட்டின் மதிலை இடிக்கமாட்டோம்.

செய்யத்தக்கது

பழையது கணினியின் உடலாயினும், உயிரைப் புதுப்பிக்கலாம். லினக்ஸ் வகையைச் சார்ந்த ‘டெபியன்’ போன்ற இலவசப் பணிசெயல் முறைமையை நிறுவின், அது விபரக்கொத்திற் சேர்தற்குரிய கருவிகளையும் உடன் தருகின்றது. ஒன்றை மாத்திரம் நினைவிற் கொள்க: 2023இல் வந்த டெபியன் 12ஐ முப்பத்திரண்டு பிற்றுக் கணினியிலும் நிறுவலாம், 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பை அவ்வாறு நிறுவுதல் இயலாது. புதுப்பிக்கவும் இயலாத கணினியை வலையமைப்பினின்றும் பிரித்து, தட்டச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்க.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. ஆகையால் நல்ல நிலையிலுள்ள கணினிகள் பல வெளிநாட்டு அலுவலகங்களிற் கழிக்கப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலன அறுபத்துநான்கு பிற்றுக் கணினிகளாகலின் நமக்குப் பேருதவியாவன. ஆயினும் அனுப்புமுன் மூன்றனைப் பார்த்தருள்க. வட்டிலுள்ள பழைய தரவுகளை முற்றாக அழிப்பியுங்கள். விண்டோஸோடு அனுப்புவதாயின் அது வீட்டுப் பதிப்பாக இராதிருக்கட்டும். அப்பதிப்பு விபரக்கொத்திற் சேராது. யாவற்றினும் மேலாக, பழைய அலுவலகத்தின் பதிவிலிருந்து அக்கணினியை விடுவிக்கச் செய்யுங்கள். விடுவிக்கப்படாத கணினியில் விண்டோஸை மீள நிறுவினும், இணையத்தைத் தொட்டவுடன் அது பழைய எசமானரின் கடவுச்சொல்லையே கேட்டு நிற்கும்.

விடுகைப் பத்திரம் இன்றி வந்த பிள்ளையை எந்த இடாப்பில் எழுதுவது என்று திகைத்து நின்ற அதிபர்களை நம் ஊர் கண்டிருக்கின்றது. கணினிகளையேனும் விடுகைப் பத்திரத்தோடு அனுப்பி வையுங்கள். இடாப்பிற் பெயர் எழுதும் பணியை இங்குள்ள ஆசிரியரும் மாணவரும் மகிழ்ந்து செய்வர்.