ப்ராஜெக்ட் எழுத வேர்டு வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். லேப்டாப்பில் வேர்டு இல்லை. காசு கொடுத்து வாங்கணுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசரப்படாதீங்கம்மா. கல்லூரியில் மாணவர்களுக்கு மின்னஞ்சல் முகவரி தருகிறார்களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். கல்லூரி மைக்ரோசாஃப்டின் கல்வித் திட்டத்தில் இருந்தால், அந்த முகவரியைக் கொண்டே பிரவுசரில் வேர்டு இலவசம்.

இல்லையா? லிப்ரே ஆபீஸ் போதும். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். குழுவாக எழுதும் ப்ராஜெக்டுக்கு மட்டும் கூகுள் டாக்ஸ். யார் எதை எழுதினார்கள் என்பது அதில் பதிவாகிவிடும், சும்மா இருந்தவர் தப்பிக்க முடியாது!

எதில் எழுதினாலும் தலைப்புகளை வெறுமனே பெரிதாக்கித் தடிமனாக்காமல், ‘ஹெட்டிங்’ ஸ்டைல் கொடுக்கப் பழகட்டும். பொருளடக்கம் பக்க எண்ணோடு தானாக வந்துவிடும். இது தெரியாமல்தான் பிள்ளைகள் கடைசி ராத்திரி விழித்திருந்து பக்க எண் தட்டுகிறார்கள். தமிழில் எழுதுவதென்றால் யூனிகோடில்தான். பழைய எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பிடிஎஃப் ஆக்காமல் கொடுத்து, அங்கே வேறு மென்பொருளில் திறந்தால் அட்டவணைகள் இடம் மாறிவிடலாம்.