விசிறி சுற்றவில்லையா? மாற்றும் முன் சோதியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வைரஸைப் பற்றிக் கவலைப்படும் அளவிற்கு விசிறியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கேபினட்டுக்குள் பிராசசரின் மேல் ஒரு சிறிய விசிறி சுற்றிக் கொண்டிருக்கிறது. அது நின்றுவிட்டால் பிராசசர் சூடேறும். தன்னைக் காத்துக் கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். பல பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடே எல்லை. அதற்கும் மேலே போனால் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். சேவ் செய்யாத வேலை எல்லாம் போய்விடும்.

என் அத்தை வீட்டில் இதுதான் நடந்தது. தையல் கடைக் கணக்கை எக்ஸெலில் எழுதிக் கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அடிக்கடி அணைந்து போனது. ஆன் செய்யும்போதெல்லாம் "சிபியு ஃபேன் எர்ரர்" என்று செய்தி வந்திருக்கிறது. அத்தையோ எப்1 கீயை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். சர்வீஸ் கடையில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்களாம்.

"நீதான் இன்ஜினியராச்சே, வந்து பாருப்பா" என்று கூப்பிட்டார். நானோ சாப்ட்வேர் இன்ஜினியர்! கேபினட்டைத் திறந்தேன். விசிறி சுற்றவில்லை. உடனே புதிய விசிறி ஒன்றை வாங்கி மாட்டினேன். அதுவும் சுற்றவில்லை!

அப்போதுதான் ஒரு கார் மெக்கானிக் நினைவுக்கு வந்தார். திண்டிவனம் அருகே நண்பனின் கார் சூடேறி நின்றபோது ரேடியேட்டர் விசிறி ஓடவில்லை. அவர் எதையும் மாற்றவில்லை. விசிறியின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்தார். விசிறி சுற்றியது. "மோட்டார் நல்லா இருக்கு தம்பி. அதுக்குக் கரண்ட் வரலை, அவ்வளவுதான்" என்றார். பிறகு அதே வகை ரிலே ஒன்றை மாற்றிப் போட்டதும் கோளாறு தீர்ந்தது. பொருள் கெட்டதா, அதற்கு வரும் மின்சாரம் கெட்டதா என்று முதலில் பிரித்துப் பார்ப்பதே அவருடைய வழி. கம்ப்யூட்டருக்கும் இதே வழிதான்.

நான்கு ஒயர்கள்

பிராசசர் விசிறியின் இணைப்பில் வழக்கமாக நான்கு ஒயர்கள் இருக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் வரிசையை நினைவில் வையுங்கள்.

1. கிரவுண்ட். பெரும்பாலும் கறுப்பு நிறம்.
2. 12 வோல்ட் டி.சி. மின்சாரம்.
3. வேகத்தைச் சொல்லும் ஒயர். விசிறி ஒரு முறை சுற்றினால் இதில் இரண்டு துடிப்புகள் வரும். இவற்றை எண்ணித்தான் பயாஸ் ஆர்.பி.எம். கணக்கைக் காட்டுகிறது.
4. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயர். மூன்று ஒயர் விசிறியில் இது இருக்காது.

விசிறி சுற்றவே இல்லை என்றால் முதல் இரண்டைச் சந்தேகியுங்கள். நன்றாகச் சுற்றியும் எர்ரர் வந்தால், பயாஸில் ஆர்.பி.எம். 0 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூன்றாவது ஒயரில் கோளாறு இருக்கலாம். அல்லது விசிறியைத் தவறான சாக்கெட்டில் செருகியிருக்கலாம். எப்போதும் முழு வேகத்தில் இரைந்தால் நான்காவதைப் பாருங்கள்.

சோதிக்கும் முறை

முதலில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறியை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் தூசியோ, தேய்ந்த பேரிங்கோ காரணம். தடையின்றிச் சுற்றினால், அதன் இணைப்பைக் கழற்றி, மதர்போர்டில் கேபினட் விசிறிக்கான சாக்கெட்டில் செருகி ஆன் செய்யுங்கள். சுற்றினால் விசிறி நல்லது; பழைய சாக்கெட்டிலோ அதன் பின்களிலோதான் கோளாறு. சுற்றாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அங்கே வேறொரு விசிறி சுற்றுகிறது என்றால், உங்கள் விசிறிதான் கெட்டது.

மல்டிமீட்டர் பழக்கமுள்ளவர்கள் டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து முதல் இரண்டு பின்களைச் சோதிக்கலாம். சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டும். மீட்டர் முனை இரண்டு பின்களையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அத்தையின் பழைய விசிறியைப் பக்கத்துச் சாக்கெட்டில் செருகினேன். உடனே சுற்றியது! டார்ச் அடித்துப் பழைய சாக்கெட்டைப் பார்த்தால், இரண்டாவது பின் மடங்கிக் கிடந்தது. தூசி தட்டியவர் யாரோ இணைப்பைக் கோணலாக அழுத்தியிருக்கிறார். மின் இணைப்பு இல்லாத நிலையில் சிறிய குறடால் அதை மெல்ல நிமிர்த்தினேன். பழைய விசிறியே மீண்டும் ஓடியது. மதர்போர்டுக்கு ஒரு குறையும் இல்லை. நான் அவசரப்பட்டு வாங்கிய புதிய விசிறி மட்டும் என் மேசை அறையில் சும்மா கிடக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஃபேன் எர்ரர் வந்தால் எப்1 அழுத்திவிட்டுத் தொடராதீர்கள். அணைத்துவிட்டு, விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள்.